குரோமியத்துக்குச் சுண்ணாம்பு போடலாமா? கெட்ட மண் பற்றிய கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், தோல் ஷாப் எனப்படும் தோல் பதனிடும் ஆலைகள் நிறைந்த பாலாற்றுப் பக்கத்தவை. அதனால் குரோமியத்துக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

ஐயா, ஆம்பூர் பக்கம் 2 ஏக்கர் கழனி. தோல் ஷாப் தண்ணி பல வருஷம் பாஞ்ச நிலம். மண்ணுல குரோமியம் அதிகம்னு ரிப்போர்ட் வந்திருக்கு. சுண்ணாம்பு போட்டா சரியாகும்னு உரக்கடைல சொல்றாங்க. போடலாமா?

தயவுசெய்து இப்போது போடாதீர்கள். காட்மியம், ஈயம், நிக்கல் போன்றவை புளிப்பு மண்ணில்தான் கரைந்து வேருக்குள் போகும். சுண்ணாம்பு அந்தப் புளிப்பைத் தணிப்பதால் அவை மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். கடைக்காரர் சொன்னது அவற்றுக்குச் சரி. குரோமியத்தின் கதை வேறு. அது மண்ணில் இரண்டு வடிவத்தில் இருக்கும். தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். அது அவ்வளவு எளிதில் கரையாது. ஆறு இணைதிறன் குரோமியம்தான் கொடிய நஞ்சு. காரத்தன்மை கூடிய களர் மண்ணில் அது எதிலும் ஒட்டாமல் நீரோடு கிணற்றுக்கு இறங்கிவிடும். தோல் ஷாப் தண்ணீர் பாய்ந்த மண் பெரும்பாலும் ஏற்கெனவே களராகத்தான் இருக்கும். அதில் சுண்ணாம்பும் சேர்ந்தால் கேடு கூடும்.

உங்களுக்கு வேண்டியது மக்கும் பொருள். தொழு உரம் போடுங்கள், தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும்போது மடக்கி உழுங்கள். அவை மக்கும்போது ஆறு இணைதிறன் குரோமியம் மூன்றாக மாறும். ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் என்பது நல்ல நிலத்துக்குச் சொல்லும் அளவு. உங்கள் கழனிக்கு அதை ஒரு தடவையோடு நிறுத்தக் கூடாது, போகத்துக்குப் போகம் போட வேண்டும். மண்ணில் உள்ள மாங்கனீசு ஆக்சைடு, மூன்றை மறுபடி ஆறாக்கக் கூடியது. ஆகவே கிணற்று நீரையும் சோதித்துக்கொண்டே இருங்கள். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

அப்போ குரோமியம் மண்ணை விட்டுப் போயிடுமா?

போகாது. எந்த இடுபொருளும் உலோகத்தை வெளியேற்றாது, வேருக்கு எட்டாமல் கட்டிப்போடும், அவ்வளவுதான். "முழுசா சுத்தமாகிடும்" என்று மூட்டை விற்பவரை நம்பாதீர்கள். ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் படுகை வயல்களைக் காட்மியம் கெடுத்தபோது, மேல்மண்ணையே மாற்ற வேண்டியிருந்தது. அந்த வேலை முடிய 30 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மாசுபடுத்தியவரே சீரமைப்புச் செலவையும் ஏற்க வேண்டும் என்று வேலூர் தோல் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொன்னது. இன்றும் எரு வாங்க விவசாயி தன் கைக்காசைப் போடுவதைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ராணிப்பேட்டை பக்கம் எங்க கொல்லையில வெள்ளையா உப்பு பூக்குது. ஜிப்சம் போடலாமா அண்ணே?

மண் பரிசோதனையில் சோடியம் மிகுதி என்று வந்தால் போடலாம் தம்பி. தோலைப் பதப்படுத்தப் போடும் உப்பிலிருந்து வரும் சோடியத்தை ஜிப்சம் விடுவிக்கும். அதைக் கழுவி இறக்க நல்ல தண்ணீரும் வடிகாலும் வேண்டும். இரண்டும் இல்லையென்றால் பணம் வீண். குரோமியத்துக்கு ஜிப்சம் மருந்தல்ல.

சென்னைப் புறநகர்ல இருக்கோம். பழைய பேட்டரி உடைச்ச இடத்துக்குப் பக்கத்துல கீரை போடுறேன். ஈயம் இருக்குமோன்னு பயமா இருக்கு.

அம்மா, சோதனை முடிவு வரும்வரை அந்தக் கீரையைப் பறிக்காதீர்கள். சின்னக் குழந்தைகளை அந்த மண்ணில் விளையாட விடாதீர்கள். ஈயம் உடம்புக்குள் போக அதுதான் முதல் வழி, இலையில் ஏறுவதை விடக் கையோடு வாய்க்குப் போவது அதிகம். எலும்புத்தூளோ ராக் பாஸ்பேட்டோ ஈயத்தைக் கரையாத உப்பாக்கும். ஆனால் ஆர்செனிக்கும் இருக்கும் மண்ணில் பாஸ்பேட் அதைக் கிளப்பிவிடும். எனவே இரண்டையும் சேர்த்தே சோதியுங்கள். கீரை வேண்டுமென்றால் வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணில், தொட்டியில் வளருங்கள்.

சூரியகாந்தி போட்டா உலோகத்தை உறிஞ்சிடுமாமே?

கொஞ்சம் உறிஞ்சும். ஆண்டுக்கணக்கில் ஆகும். அறுத்த தட்டையை மாட்டுக்குப் போட்டாலோ எருக்குழியில் தள்ளினாலோ நஞ்சு திரும்பி வரும்.

நகராட்சி கம்போஸ்ட் இலவசமா தர்றாங்க, போடலாமா?

ரிப்போர்ட் கேட்டு வாங்குங்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கிலோவுக்குக் குரோமியம் 50, ஈயம் 100, காட்மியம் 5 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும்.

சோதனைக்கு மண் எப்படி எடுக்கணும்?

மண்வள அட்டைச் சோதனையில் குரோமியம், ஈயம் எல்லாம் வராது. உலோகச் சோதனை செய்யும் ஆய்வகத்தில், ஆறு இணைதிறன் குரோமியத்தைத் தனியாகப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 10, 15 இடத்தில் 15 சென்டிமீட்டர் ஆழம் வரை எடுங்கள். மண்வெட்டி பட்ட மண்ணை மரக்குச்சியால் சுரண்டித் தள்ளிவிட்டு உள்மண்ணைச் சேருங்கள். அதைக் காயப்போட வேண்டாம். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள்.