பெரிய ஐடி சேவைக் கம்பனி: கொழும்புக்குப் போகலாமா?

வவுனியா பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம், கொழும்பில் ஒரு பெரிய ஐடி சேவைக் கம்பனியில் வேலை கிடைத்திருக்கிறது, போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் கிளிநொச்சி. அப்படியான ஒரு கம்பனியில் ஆறு வருடம் இருந்தேன். போங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் எந்தப் புரொஜெக்டில் போடுகிறார்கள் என்பதை முதல் நாளிலிருந்தே கவனியுங்கள். கம்பனியின் பெயர் வாசலோடு சரி, உள்ளே போனதும் எல்லாம் புரொஜெக்ட்தான்.

சேவைக் கம்பனி, வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் இத்தனை பேர், இத்தனை மணித்தியாலம் என்று கணக்குக் காட்டிக் காசு வாங்குகிறது. அவர்களிடம் இருப்பது பழைய ஜாவா சிஸ்டம் என்றால் நீங்களும் அதற்குள்தான். நான் இரண்டரை வருடம் ஒரு காப்புறுதி சிஸ்டத்தில் பிழை திருத்தினேன். எங்கள் குழுவை நடத்திய லீட் நல்ல மனிதர். மாற்றிவிடுங்கள் என்று கேட்கும்போதெல்லாம், "வாடிக்கையாளர் உங்களை விடமாட்டார்" என்பார். வேலையை நன்றாகச் செய்ததே என்னைக் கட்டிப்போட்டது. வாடிக்கையாளர் ஆட்களைக் குறைத்தால் பெஞ்சில், அதாவது புரொஜெக்ட் எதுவும் இல்லாமல், இருக்க வேண்டும். சம்பளம் வரும், நித்திரை வராது.

அப்புறம் நேரம். நியூயோர்க்கில் காலை 9 மணி நமக்கு மாலை 6.30, அங்கே குளிர்காலம் என்றால் 7.30. வெள்ளிக்கிழமை வெள்ளவத்தையில் இரவு பஸ்ஸைப் பிடித்தால் விடிய முதல் ஊரில் இறங்கலாம். வாடிக்கையாளரோடு கதைக்கும் கோல் இழுபட்டால் பஸ் போய்விடும். கோயில் திருவிழா, அப்பாவின் வயல் வெட்டு என்று நான் தவறவிட்டவை கனக்க.

சரி, பிறகு ஏன் போகச் சொல்கிறேன்? நாம் தனியாகக் கோட் எழுதிப் பழகியவர்கள். அங்கே அனுபவமுள்ள ஒருவர் அதை வரிக்கு வரி பார்த்து, இது ஏன் இப்படி என்று கேட்பார். முதல் மாதம் அழுகை வரும். ஒரு வருடத்தில் நீங்களே அடுத்தவரின் கோட்டைப் பார்த்துச் சொல்வீர்கள். வேலை ஆங்கிலத்தில் நடக்கும். பள்ளிக்கூடத்தில் எழுத மட்டும் தெரிந்த ஆங்கிலத்தை நான் கதைக்கப் பழகியது அந்தக் கோல்களில்தான். மதியச் சாப்பாட்டு மேசையில் சிங்களம். வேலைக்குக் கட்டாயமில்லை, ஆனாலும் படித்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் அந்த மேசையில் தனியாகத்தான் இருப்பீர்கள்.

காசும் சிறிய விஷயமல்ல. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடம் 8 சதவீதம் கழித்து, கம்பனி 12 சதவீதம் போடும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னும் 3 சதவீதம். 5 வருடம் முடித்தால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை. 2009 இல் வீடு, உழவு இயந்திரம், உறுதி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பம் எங்களுடையது. மாதாமாதம் ஒரே திகதியில் சம்பளம் வந்து விழுந்ததும், அந்தச் சம்பளப் பட்டியலைக் காட்டி வங்கியில் வீட்டுக்கடன் எடுத்ததும் அம்மாவின் முகத்தையே மாற்றின.

இப்போது கிளிநொச்சி வீட்டிலிருந்தே ஒரு சிறிய கம்பனிக்கு வேலை செய்கிறேன். அந்த ஆறு வருடம் இல்லாவிட்டால் என்னை நேர்முகத்துக்கே கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

கையெழுத்து வைக்க முதல், வேலையை விடுவதென்றால் எத்தனை மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். எனக்கு மூன்று மாதம் இருந்தது. அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்று ஒரு நல்ல இடம் என்னைக் கைவிட்டது.