நடந்தாலே நெஞ்சு படபடக்கிறது!

கேள்வி: எனக்கு வயது 34. வேகமாக நடந்தால் சில நிமிடங்களிலேயே நெஞ்சு படபடத்து, மூச்சு வாங்கி, ‘ஏதோ ஆகப்போகிறது’ என்ற பயத்தில் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறேன். இ.சி.ஜி., எக்கோ, தைராய்டு எல்லாம் நார்மல். டாக்டர் தினமும் நடக்கச் சொல்கிறார். மூன்று முறை ஆரம்பித்தும் விட்டுவிட்டேன். மைண்ட்ஃபுல்னெஸ் (அந்தந்த நொடியில் நடப்பதை எடைபோடாமல் கவனிக்கும் பயிற்சி) உதவுமா?
– வாசகி, திருச்சி

பதில்: உதவும். நீங்கள் விட்டதற்குக் காரணம் சோம்பல் இல்லை. பதற்றத்தில் வரும் அதே படபடப்பு, வியர்வை, மூச்சிரைப்புதான் வேகநடையிலும் வருகிறது; மனம் இரண்டையும் ஒன்றென்று எண்ணி மிரள்கிறது. பயந்து திரும்பியதும் ஒரு நிம்மதி வருகிறதல்லவா, வினையே அதுதான். ‘திரும்பியதால் தப்பித்தோம்’ என்று மனம் பதியவைத்துக்கொள்கிறது. அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரம் வரும்.

படபடப்பை அடக்குவதற்கல்ல இந்தப் பயிற்சி. அதை வெறும் படபடப்பாகப் பார்க்கப் பழகுவதற்கு. பலர் சறுக்குவது இங்கேதான். அமைதி வரவில்லையே என்று அதற்கும் சேர்த்துப் பதறுகிறார்கள்.

முதல் வாரம் தினம் 10 நிமிடம் போதும். முதல் 3 நிமிடம் மெதுவாக நடங்கள். குதிகால் தரையில் படுவது, பாதம் பதிவது, விரல்கள் உந்துவது, இவற்றிலேயே கவனம் இருக்கட்டும். அடுத்த 4 நிமிடம் வேகம்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. படபடப்பு வந்ததும் மனதுக்குள் ‘துடிப்பு’, ‘சூடு’, ‘மூச்சு’ என்று பெயர் மட்டும் சொல்லுங்கள். ‘ஹார்ட் அட்டாக்கோ?’ என்று தோன்றினால் அதற்குப் பெயர் ‘எண்ணம்’. சொல்லிவிட்டு மறுபடி பாதத்துக்கு வாருங்கள். கவனம் ஐம்பது முறை போனாலும் ஐம்பது முறை திரும்பலாம், அதுதான் பயிற்சியே. கடைசி 3 நிமிடம் மெதுநடை. சட்டென்று நின்றால் ரத்தம் கால்களில் தேங்கித் தலை சுற்றும், பயம் மறுபடி கிளம்பும். வாரத்துக்கு 2 நிமிடம் வேகநடையைக் கூட்டுங்கள்.

பயம் உச்சத்துக்குப் போனால் வேகத்தைக் குறையுங்கள், வீட்டுப் பக்கம் திரும்பாதீர்கள். 2 நிமிடம் மெதுவாக நடந்த பிறகு முடிவெடுங்கள். அப்போது இழுத்து இழுத்து மூச்சு விட வேண்டாம். அப்படி விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து விரல்கள் மரத்து, மயக்கம் வருவதுபோல இருக்கும். மூக்கால் சாதாரணமாக இழுத்து, நிதானமாக வெளியே விடுங்கள்.

ஸ்ட்ராங் காபி குடித்தவுடன் கிளம்பாதீர்கள். அதுவே துடிப்பை ஏற்றும். வெயிலும் அப்படித்தான். உங்கள் ஊரில் கோடையில் காலை ஆறரைக்குள் முடித்துவிடுவது நல்லது.

நெஞ்சை அழுத்தும் வலி, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மயங்கி விழுவது, நின்ற பிறகும் அடங்காத மூச்சுத்திணறல் – இவற்றுக்குப் பெயர் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. ரிப்போர்ட் நார்மலாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: ஸ்மார்ட் வாட்ச்சில் துடிப்பைப் பார்த்துக்கொண்டே நடக்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: பதற்றம் உள்ளவர்கள் வேண்டாம். அரை நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பதே பயத்துக்குத் தீனி. மேலே கேட்ட வாசகியைப் போன்ற 34 வயதுக்காரருக்கு வேகநடையில் துடிப்பு நிமிடத்துக்கு 120 முதல் 140 வரை போவது இயல்புதான். வாட்ச்சைக் கழற்றி வைத்துவிட்டு நடங்கள். ப்ரொப்ரனலால் போன்ற, துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் துடிப்பு குறைவாகவே காட்டும். வேகத்தை முடிவு செய்ய அவர்களுக்கு, மேலே சொன்ன ‘பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது’ என்ற பேச்சுச் சோதனைதான் சரி.