அழுகையா, விக்கலா?

கேள்வி: ஊமைப்படங்களில் கண்ணை உருட்டுவதும் கையை வீசுவதும்தான் நடிப்பு. மேரி டிரெஸ்லரைப் பெரிய குணச்சித்திர நடிகை என்கிறார்கள். யூடியூபில் பார்த்தேன், வெறும் கோமாளிக்கூத்து. அப்படி என்னதான் சாதித்தார்?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: அந்த அம்மாளை அப்புறம் திட்டலாம், ஐயா. முதலில் படம் ஓடிய வேகத்தைச் சரிபாருங்கள். அன்றைய கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்குச் சுமார் 16 பிரேம், அதாவது 16 தனித்தனிப் படங்கள். சுற்றுகிறவர் கையைப் பொறுத்துக் கூடும், குறையும். அந்தச் சுருளை 24 பிரேமில் ஓட்டினால் 6 நொடி அழுகை 4 நொடியில் முடிந்து விக்கலாகிவிடும். யூடியூபில் வேகத்தை 0.75 ஆக்குங்கள். நடிகையை விட்டுவிட்டு, பின்னால் தெருவில் போகிறவரின் நடையைக் கவனியுங்கள். நம் நடைபோல இருந்தால் சரி. தண்ணீருக்குள் நடப்பதுபோல இழுத்தால், யாரோ முன்பே வேகத்தைச் சரிசெய்து ஏற்றிய பிரதி அது. பழையபடி 1-க்கே வந்துவிடுங்கள். இசை இழுபட்டால் அடைத்துவிடலாம், அது பின்னால் ஒட்டியதுதானே.

அடுத்தது ஃபிலிம். 1920களின் நடுப்பகுதிவரை பெரும்பாலும் புழங்கியது சிவப்பை உணராத ஃபிலிம். சிவந்த உதடு கறுக்கும், நீலக்கண் வெளுக்கும், கன்னச் சிவப்பு அழுக்குபோல விழும். இளம் நாயகிகள் அரிதாரத்தை அப்பி மறைத்தார்கள். வயதான வேடக்காரிக்கோ அந்தச் சுருக்கமும் கருமையும்தான் சொத்து. கோலாலம்பூர் பத்து ரோட்டில் கொலிசியம் திரையரங்கு எழும்பிய 1920 வாக்கில் பேசும்படமே கிடையாது. நம் தாத்தாக்கள் முகத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள்.

டிரெஸ்லர் 1868-இல் கனடாவில் பிறந்தவர், மேடையில் பேரெடுத்தவர். 1914-இல் இயக்குநர் மாக் செனட் ஆறு சுருள் நீள நகைச்சுவைப் படம் எடுத்தபோது அவர்தான் நாயகி. உடன் நடித்த சாப்ளின் அப்போது முதல் வருடப் புதுமுகம். 45 வயதுக்கு மேல், பருத்த உடம்போடு, ஏமாறும் கிராமத்துப் பெண் வேடம்! 1919 நடிகர் வேலைநிறுத்தத்தில் மேடையில் கூட்டமாக ஆடிப்பாடும் கோரஸ் பெண்கள் சங்கத்துக்குத் தலைமை ஏற்றார். பிறகு வாய்ப்பு வறண்டது. 1927-இல் கதாசிரியை பிரான்சிஸ் மாரியன் கைகொடுத்துத் திரும்ப வந்தார். வந்த படமோ அயர்லாந்து வம்சாவளியினரின் எதிர்ப்பால் கொட்டகையிலிருந்தே இறங்கியது.

ஒலி வந்ததும் பல நாயகிகளுக்குக் குரல் காலை வாரியது. மேடைத் தொண்டை இவருக்கு இருந்தது. 63-ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள், 1931 நவம்பர் 10-இல், சிறந்த நடிகைக்கான ஆஸ்கரை வாங்கினார், 'மின் அண்ட் பில்' படத்துக்காக. குணச்சித்திர நடிகைக்கென்று துணை நடிகை விருதெல்லாம் அப்போது ஏற்படவே இல்லை. 1934-இல் இறந்தார்.

இன்னும் நம்பிக்கை வரவில்லையென்றால் 'அன்னா கிறிஸ்டி' (1930) பாருங்கள். ஊமைப்பட நட்சத்திரம் கிரேட்டா கார்போவின் முதல் பேசும்படம். மதுக்கடை மேசையில் கார்போ பேசுகிறார், எதிரே டிரெஸ்லர் கேட்டுக்கொண்டிருக்கிறார். கேட்கிற முகத்தைப் பாருங்கள். வேகம் 1-இலேயே இருக்கட்டும்.