மலைக்குப் போயும் மனம் ஒட்டவில்லை என்றால்

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்குக் குடிவந்த பிறகு நெல்லியாம்பதி, பரம்பிக்குளம் எல்லாம் போய் வந்தும் இயற்கையோடு மனம் ஒட்டவில்லை என்கிறீர்கள். ஒட்டாதுங்க. பரம்பிக்குளம் கேரளத்தில் இருந்தாலும் சாலை தமிழ்நாட்டுச் சேத்துமடை வழியாகத்தான். பாதி நாள் வண்டியிலேயே போய்விடும்.

மலையைக் கொஞ்ச நாள் விடுங்கள். உங்கள் வீட்டுப் பக்கம் வயல் வரப்பில் பனை இருக்கும். ஒன்றைப் பிடித்துக்கொண்டு தினமும் அங்கேயே போய் நில்லுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடி மாதத்தில் ஓலையைப் போட்டு அடிக்கும்; அந்த ஆட்டத்திலேயே பனை உழவாரன் என்கிற சின்னப் பறவை ஓலைக்கு அடியில் எச்சிலால் பஞ்சை ஒட்டிக் கூடு வைக்கும். முட்டையையும் எச்சிலால்தான் ஒட்டும்! தூக்கணாங்குருவி ஆண் பாதிக் கூடு பின்னிவிட்டு இறக்கையை அடித்துக் கூப்பிடும். பெண் வந்து பார்த்துப் பிடித்தால்தான் மீதி வேலை.

மந்திரம், தியான ஆப் எல்லாம் உங்கள் விருப்பம். எனக்கு அவை இடைஞ்சலாகத்தான் தோன்றும். சர்ப்பக்காவு, அதாவது நாகங்களுக்கு விட்ட கோயில் காடு, பக்கத்தில் இருந்தால் உள்ளே நுழையாமல் வெளியே நின்று கும்பிடுங்கள். அங்கே சுள்ளிகூட ஒடிக்க மாட்டார்கள்.

அப்புறம், போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். சித்திரை வெயிலில் மட்டும் காலை ஏழு மணிக்குள் திரும்பிவிடுங்கள்.