அப்பாவைக் கைவிடுகிறோமா?

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு நுரையீரல் நோய் முற்றி, ஐசியூவில் வென்டிலேட்டரில் இருக்கிறார். ‘வலியையும் அவஸ்தையையும் குறைக்கிற பாலியேட்டிவ் டீமையும் பார்க்கச் சொல்லட்டுமா?’ என்று டாக்டர் கேட்டார். சித்தப்பா கொதித்துவிட்டார். ‘கையை விரிச்சிட்டாங்க, வேற ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்’ என்கிறார். சம்மதித்தால் அப்பாவைக் கைவிட்டதாக ஆகுமா?

க.

அன்புள்ள க.,

ஆகாது. இன்றைக்கே சரி என்று சொல்லுங்கள்.

சித்தப்பாவின் பயம் புரிகிறது. நம் ஊரில் பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் இந்தப் பேச்சையே எடுக்கிறார்கள். கேட்டதும் அடிவயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் வென்டிலேட்டர், ஆன்டிபயாட்டிக் எதையும் நிறுத்தாமலே இந்தக் குழு வேலையைத் தொடங்கலாம். ஆயுள் குறைந்துவிடுமோ என்றும் பயப்பட வேண்டாம். 2010-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்குச் சிகிச்சையோடு ஆரம்பத்திலேயே இந்தப் பராமரிப்பையும் பெற்றவர்கள், சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டே முக்கால் மாதம் கூடுதலாக வாழ்ந்தார்கள். அவர்கள் ஐசியூ நோயாளிகள் இல்லை, அப்பாவுக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது.

ஐசியூவில் ஆளை வாட்டுவதில் தாகம் முக்கியமானது. தொண்டையில் குழாய் இருப்பதால் தண்ணீர் தர முடியாது. நாக்கு காய்ந்து, உதடு வெடித்துவிடும். குளிர்ந்த நீரில் நனைத்த பஞ்சால் அடிக்கடி வாயைத் துடைத்துவிட்டாலே பெரிய ஆறுதல். அப்புறம், குழாயைப் பிடுங்காமலிருக்கக் கட்டிய கை, சளியை உறிஞ்சும்போது வரும் திணறல். இவற்றையெல்லாம் இந்தக் குழு கவனிக்கும். வாய் பேச முடியாதவரின் வலியை நெற்றிச் சுருக்கத்திலும், இயந்திரத்தோடு மல்லுக்கட்டும் மூச்சிலும் பார்த்துக் கணக்கிட்டு, அதற்கேற்ற அளவில் மார்ஃபின் போன்ற மருந்து கொடுப்பார்கள்.

உங்களையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். அப்போது கூச்சப்படாமல் கேளுங்கள்: அப்பா வீட்டுக்கு வருவாரா, வந்தால் எப்படி இருப்பார், இன்னும் எத்தனை நாள் பார்க்கலாம், அதற்குள் என்ன தேற வேண்டும்? அப்பாவால் பேச முடிந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அவர்கள் உங்களிடம் கேட்பார்கள். அதற்கு வீட்டில் எல்லோரும் யோசித்து வைத்திருங்கள்.

வென்டிலேட்டரை எடுப்பது தனி முடிவு. உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பும் அதை எளிமையாக்கிய 2023 உத்தரவும் அதற்கு வழி சொல்கின்றன: இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்க்க வேண்டும், குடும்பத்தின் சம்மதமும் வேண்டும். இப்போது நீங்கள் சொல்லும் ‘சரி’ அதற்கான சம்மதம் ஆகாது.

சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருடைய கேள்வியை அவரே டாக்டரிடம் கேட்கட்டும்.