ஸ்டென்ட் வைத்த அப்பாவை வீட்டில் எப்படிக் கவனிப்பது?

"அப்பாவுக்கு மாரடைப்பு வந்து, அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எக்கோ என்ற இதய ஸ்கேனில் இ.எஃப். 35 என்று இருக்கிறது. சர்க்கரையும் உண்டு. எதைக் கவனிக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இதய வார்டில் செவிலியர். வீட்டுக்குப் போனவர்களில் பலர் எங்களிடம் திரும்பி வருவது நெஞ்சுவலியோடு இல்லை, மூச்சுத்திணறலோடு. இடது கீழறையில் நிறையும் ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே போகிறது என்பதுதான் இ.எஃப். 50-க்கு மேல் இருந்தால் பொதுவாக நல்லது. 35 என்றால் இதயம் தளர்ந்திருக்கிறது. உப்பும் நீரும் உடம்பில் தேங்கி நுரையீரலில் ஏறும். பெரும்பாலும் இது சில நாட்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதால் வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் எடை பார்க்கும் மெஷின் ஒன்று வாங்குங்கள். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, காபிக்கு முன்னால் எடை பார்த்து காலண்டரிலேயே எழுதுங்கள். 3 நாளில் 2 கிலோ ஏறினால் அது சாப்பாட்டால் ஏறிய எடை இல்லை, தேங்கிய நீர். அன்றைக்கே டாக்டருக்குச் சொன்னால் நீர் மாத்திரையைக் கூட்டுவதோடு முடிந்துவிடலாம். விட்டால் ஐசியு வரை போகும்.

அப்புறம் ராத்திரி. ஒரு தலையணையில் படுத்தவர் இரண்டு கேட்கிறாரா? படுத்தால் இருமுகிறாரா? வார்டுக்கு வந்த ஒரு பெரியவர் "வெறும் கேஸ்தாம்மா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனைவிதான், "நாலு ராத்திரியா சேர்லயே உட்கார்ந்து தூங்குறாருங்க" என்றார். கணுக்காலுக்கு மேல் விரலை வைத்து அழுத்தினேன், விழுந்த குழி அப்படியே நின்றது. நீர் தேங்கியதன் அடையாளம் அது. சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பே வலியில்லாமல் வரலாம் என்பதால், அப்பா "ஒன்றுமில்லை" என்று சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், வேர்த்துக் கொட்டினால், மயங்கினால் யோசிக்காமல் 108.

ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம். மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை வாங்கிப் போடவே கூடாது, அது நீரைத் தேக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். மருந்துச் சீட்டில் பொட்டாசியத்தை உடம்பிலேயே தங்கவைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் என்ற நீர் மாத்திரை இருந்தால், பொட்டாசியம் நிறைந்த இளநீரும் 'லோ சோடியம்' உப்பும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். பொட்டாசியம் ஏறினால் துடிப்பே தாறுமாறாகும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், பொட்டாசியம் ரத்தப் பரிசோதனையைச் சொன்ன தேதியில் எடுத்துவிடுங்கள். பல் பிடுங்க வேண்டும் என்று யாராவது ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினையும் குளோபிடோகிரலையும் நிறுத்தச் சொன்னால், இதய டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்தால் அது இன்னொரு மாரடைப்பு.

மருந்துகளைச் சரியாகச் சாப்பிட்டு மூன்று மாதம் கழித்து எக்கோவைத் திரும்ப எடுக்க வேண்டும். பலருக்கு இ.எஃப். ஏறியிருக்கும். அப்போதும் 35-ஐத் தாண்டவில்லை என்றால் உயிருக்கு ஆபத்தான திடீர் துடிப்புக் கோளாறு வந்தால் மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும், உடலுக்குள் பொருத்தும் ஐசிடி கருவி தேவையா என்ற பேச்சு வரும். டாக்டராகச் சொல்லட்டும் என்று இருக்காமல் நீங்களே கேளுங்கள்.