கூம்பு ஃபில்டர் மாட்டலாமா?

கேள்வி: 2016 ஸ்விஃப்ட் பெட்ரோல் வண்டி வைத்திருக்கிறேன். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, வெளியில் விற்கும் கூம்பு ஃபில்டரை மாட்டினால் பிக்கப் கூடும் என்கிறார் நண்பர். செய்யலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. கம்பெனி பெட்டி முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றை இழுக்கிறது. கூம்பை பானெட்டுக்குள் திறந்தபடி மாட்டினால் இன்ஜின் சூட்டைத்தான் இழுக்கும். சூடான காற்று விரிந்திருப்பதால், அதே அளவு காற்றில் ஆக்ஸிஜன் குறைவு. டிராஃபிக்கில் வண்டி மந்தமாகும். சத்தம் கூடுவதால் வேகமும் கூடியதுபோலத் தோன்றும், அவ்வளவுதான்.

குளிர்ந்த காற்று வேண்டும் என்று குழாயை பம்பருக்குக் கீழே இறக்குகிறவர்களும் உண்டு. அப்படி ஒரு வண்டி, போன மழையில் தேங்கிய தண்ணீரில் இறங்கி, கயிறு கட்டி என் பட்டறைக்கு வந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி இன்ஜினைச் சுற்றினேன். சிலிண்டரிலிருந்து சேற்றுத் தண்ணீர் பீய்ச்சியது. தண்ணீரைக் காற்றுபோல அமுக்க முடியாதே; பிஸ்டனைத் தள்ளும் கம்பியான கனெக்டிங் ராடு வளைந்திருந்தது. வண்டிக்காரப் பையனின் முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

ஆசை விடவில்லையென்றால், அதே பெட்டிக்குள் உட்காரும் துவைத்து மாட்டும் ஃபில்டர் வாங்குங்கள். அதற்கென விற்கும் எண்ணெயை அளவாகத் தடவுங்கள். மிஞ்சினால் காற்று போகும் வழியிலுள்ள சென்சாரில் போய்ப் படியும். ஆனால் முதலில் இப்போதுள்ள பேப்பர் ஃபில்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மடிப்புகள் அடைத்துக் கறுத்திருந்தால் புது ஒரிஜினல் ஃபில்டர் போட்டு, ஒரு வாரம் ஓட்டிவிட்டு எழுதுங்கள்.